வாசகர் கேள்வி – பதில்: ஒன்றரைப் பாகை என்ன செய்யும்?

கேள்வி: கொழும்பில் விடியற்காலைக்கும் நடுப்பகலுக்கும் இடையில் வெப்பநிலை ஆறேழு பாகை வேறுபடுகிறது, அதை எவரும் பொருட்படுத்துவதில்லை. அவ்வாறிருக்க, உலகின் சராசரி வெப்பம் ஒன்றரைப் பாகை கூடினால் உயிரினங்களுக்கு ஆபத்து என்பது மிகைப்படுத்தல் அல்லவா?
— வாசகர், வெள்ளவத்தை

பதில்: பகலில் ஏறி இரவில் இறங்கும் வெப்பத்துக்கு உயிர்கள் பழகியிருக்கின்றன. சராசரியே உயரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. ஏனெனில் பல உயிரினங்கள் தாங்கக்கூடிய எல்லைக்கு வெகு அருகிலேயே வாழ்ந்து வருகின்றன. கொஸ்கொடையிலும் ரெக்காவயிலும் கரையேறி முட்டையிடும் கடலாமைகளை எடுத்துக்கொள்ளுங்கள். குஞ்சு ஆணா, பெண்ணா என்பதை அங்கே மணலின் வெப்பமே தீர்மானிக்கிறது. ஏறத்தாழ 29 பாகை செல்சியஸில் இரண்டும் சமமாகப் பிறக்கும். அதற்கு மேலே போகப் போகப் பெண் குஞ்சுகளே பெருகும். அவுஸ்திரேலியாவின் பெரும் தடுப்புப் பாறைத்தொடரின் வடபகுதியைச் சேர்ந்த இளம் பச்சை ஆமைகளில் 99 சதவீதத்துக்கும் அதிகமானவை பெண்கள் என்று 2018இல் வெளியான ஆய்வொன்று கண்டறிந்தது. ஆண்கள் இல்லாத ஆமைக்கூட்டம் எத்தனை தலைமுறைக்கு நீடிக்கும்?

முருகைக்கற்களின் நிலை இன்னும் நெருக்கடியானது. கடல்நீர் தன் வழமையான உச்ச வெப்பத்தைவிட ஒரு பாகை கூடிச் சில வாரங்கள் அப்படியே நின்றால், முருகை உயிரிகள் தமக்கு உணவளிக்கும் அல்காக்களை வெளியேற்றிவிட்டு வெளிறிப்போகின்றன. 1998இல் ஹிக்கடுவையிலும் கற்பிட்டிக் கடலிலும் ஆழமற்ற பகுதிகளிலிருந்த முருகைக்கற்களின் பெரும்பகுதி அவ்வாறே அழிந்தது.

ஆனால் கரையொதுங்கும் ஒவ்வொரு ஆமைக்கும் காலநிலையைக் காரணம் காட்டுவது சரியன்று. 2021இல் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து மூழ்கிய பின்னர் நம் கரைகளில் ஒதுங்கிய ஆமைகளின் கதை வேறு.

கேள்வி: டெங்கு பெருகுவதற்குப் புவி வெப்பமடைதல் காரணமா, அல்லது அகற்றப்படாத குப்பையா?
— வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: இரண்டும்தான், ஆனால் இரண்டும் செய்யும் வேலை வேறுவேறு. மழைநீர் தேங்கிய சிரட்டையும் பூச்சாடித் தட்டும் ஈடிஸ் நுளம்புக்கு இடம் கொடுக்கின்றன. வெப்பமோ காலத்தைச் சுருக்குகிறது. நோயாளியின் இரத்தத்தோடு நுளம்பின் உடலுக்குள் போன வைரஸ், அது மற்றொருவரைக் கடிக்கும்போது தொற்றுமளவுக்கு வளர்வதற்கு 25 பாகையில் சுமார் 15 நாட்கள் தேவைப்படுகின்றன. 30 பாகையில் ஒரு வாரமளவே போதும். நுளம்பின் ஆயுள் சில வாரங்களே என்பதால், முன்பு தொற்றைப் பரப்புமுன்னரே செத்துப்போன நுளம்புகளில் பல இப்போது பரப்பிவிட்டுச் சாகின்றன.

இலங்கையில் 2017இல் 1,86,000க்கும் அதிகமானோர் டெங்கினால் பீடிக்கப்பட்டனர். அவ்வாண்டு கடும் மழையும் தேங்கிய குப்பையும் சேர்ந்திருந்தன. சில ஆண்டுகளாக அதிகம் பரவாதிருந்த வைரஸ் வகையும் மேலோங்கியிருந்தது. ஆகவே வெப்பத்தின் மீது பழியைப் போட்டுவிட்டு வடிகானைத் துப்புரவு செய்யாமல் இருப்பதற்கு மாநகர சபைக்கோ நமக்கோ இடமில்லை.

கேள்வி: மத்திய கிழக்கில் 45 பாகையிலும் வேலை செய்கிறார்கள். இங்கே 33 பாகையிலேயே மூச்சுமுட்டுவது ஏன்?
— வாசகர், தெஹிவளை

பதில்: காரணம் ஈரப்பதன். வியர்வை ஆவியாகும்போதே உடல் குளிர்கிறது. பங்குனி, சித்திரை மாதங்களில் கொழும்பின் காற்று ஏற்கெனவே நீராவியால் நிறைந்திருப்பதால் வியர்வை வழிந்தோடுமே தவிர ஆவியாவதில்லை. உண்மையில் வளைகுடாவின் கடலோர நகரங்களில் கோடையில் ஈரப்பதனும் சேர்ந்துகொள்வதால், அங்கே திறந்தவெளியில் உழைக்கும் நம்மவர் படும் பாடு இன்னும் கொடியது. இரவிலும் வெப்பம் தணியாதபோது உடலுக்கு ஓய்வே கிடைப்பதில்லை. முதியோரும் இருதய, சிறுநீரக நோயாளரும் முதலில் தளர்வது இதனால்தான். வெயிலில் வேலை செய்பவர் தடுமாறிப் பேசத் தொடங்கினால், அதை வெறும் களைப்பென்று எண்ணாமல், உடனே நிழலுக்குக் கொண்டுபோய் உடலை நீரால் நனைத்து விசிறிக்கொண்டே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள்.