வாசகர் கேள்வி: ஜன்னலை மாற்றவும் அனுமதியா?

கேள்வி: எடின்பரோ ராயல் மைல் தெருவில் பழைய வீடு வைத்திருப்பவர்கள் ஜன்னலைக்கூட மாற்ற முடியாதாமே? அப்படி என்னதான் இருக்கிறது அங்கே?

பதில்: மாற்றலாம், ஆனால் நகர மன்றத்தின் அனுமதி வேண்டும். ஸ்காட்லாந்தில் பாரம்பரியக் கட்டடங்களை ஏ, பி, சி என மூன்று வகையாகப் பட்டியலிட்டிருக்கிறார்கள். வெளிச்சுவர் மட்டுமல்ல, உள்ளே இருக்கும் மாடிப்படியும் விட்டமும்கூட அதில் அடக்கம். கேட்காமல் மர ஜன்னலைப் பிடுங்கிவிட்டு பிளாஸ்டிக் ஜன்னல் வைத்தால் அது குற்றம்.

என்ன இருக்கிறது என்றா கேட்கிறீர்கள்? அதே தெருவில் 'கிளாட்ஸ்டோன்ஸ் லேண்ட்' என்றொரு ஆறடுக்கு வீடு. 1617இல் அதை வாங்கிய வியாபாரி தாமஸ் கிளாட்ஸ்டோன், தெருப் பக்கம் முன்னால் இழுத்துக் கட்டி, தளம் தளமாக வாடகைக்கு விட்டார். (தெருவைப் பார்த்ததும் கை நீளுவது எல்லா ஊரிலும் உண்டு போல!) அப்புறம் 1934இல், இடிபட இருந்த வீட்டை ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளை வாங்கிக் காப்பாற்றியது. பழுது பார்த்தபோது, 1620ஆம் ஆண்டில் பூவும் பழமுமாக வண்ணம் தீட்டிய மர விட்டங்கள் வெளியே வந்தன. அனுமதி கேட்கச் சொல்வது இதற்காகத்தான்.

டிக்கெட் வாங்கினால் உள்ளே போய்ப் பார்க்கலாம். காசு இருந்தால் மேல் தளத்தில் தங்கவும் செய்யலாம்.