ஹெல்மெட் இல்லை என்று லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டால்

ஹெல்மெட் போடாததற்கு டிராஃபிக் போலீஸார் லைசென்ஸை வாங்கிக்கொண்டு, ரசீது கேட்டதும் சாவியையும் உருவிவிட்டார்கள் என்கிறீர்கள். இரண்டும் வேறு வேறு. லைசென்ஸை எடுக்க மோட்டார் வாகனச் சட்டம் 206ஆம் பிரிவில் அதிகாரம் உண்டு. அதே சட்டத்தின் 194டி பிரிவின்படி ஹெல்மெட் போடாததற்கு 1,000 ரூபாய் அபராதம், 3 மாதம் லைசென்ஸ் வைத்திருக்கத் தகுதியிழப்பும் வரலாம். அதனால் அதில் மல்லுக்கு நிற்காதீர்கள். ஆனால் எடுத்தவர் தற்காலிக ஒப்புகைச் சீட்டு தந்தே ஆகவேண்டும். ஆனால் ஹெல்மெட்டுக்காக எடுத்திருந்தால், லைசென்ஸ் திரும்பக் கிடைக்கும்வரை அந்தச் சீட்டை வைத்து வண்டி ஓட்ட முடியாது.  சாவியைப் பிடுங்கலாம் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. வண்டியையே பிடித்துவைப்பது 207ஆம் பிரிவு: பதிவு, லைசென்ஸ், பெர்மிட் இல்லாதபோதுதான். சாவியை எடுத்தது பற்றி நாளைக்கே ஸ்டேஷனில் எழுத்தில் புகார் கொடுங்கள்: நேரம், இடம், சட்டையில் இருந்த பெயர். இனி லைசென்ஸைக் கேட்டால், அரசின் டிஜிலாக்கர் செயலியைத் திறந்தே காட்டுங்கள், கேலரியில் இருக்கும் போட்டோ செல்லாது. சலான் இல்லாமல் கையில் பணம் தரவே தராதீர்கள்.