ரெண்டு தடவை தாண்டின கோடு

கடிதம்: சார், ஜெர்மன் குதிரையேற்ற வீராங்கனை பெட்டினா ஹோய்க்கு ஒலிம்பிக்ஸ்ல அநியாயம் நடந்துச்சுன்னு எழுதியிருந்தீங்க. ஸ்டார்ட் லைனை ரெண்டு தடவை தாண்டினது அவங்கதானே? ரூல்னா ரூல்தான். இன்னொண்ணு, என் பொண்ணுக்கு 14 வயசு, பெங்களூர்ல ரைடிங் கத்துக்கறா. இதுல எதிர்காலம் இருக்கா?
– எஸ்.

அன்புள்ள எஸ்.,

நானே ரெண்டு வாரமா இதையேதான் நினைச்சுட்டு இருந்தேன், அதான் பதில். 'ரூல்னா ரூல்தான்'னு நோகாம எழுதிட்டீங்க. நடந்ததைப் பார்த்தீங்களா, இல்ல ரிசல்ட் மட்டும் படிச்சீங்களா?

2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்ஸ். டிரெஸ்ஸாஜ்னு குதிரையைப் பழக்கப்படி நடத்திக் காட்டறது, கிராஸ் கன்ட்ரின்னு வெட்டவெளி ஓட்டம் எல்லாம் முடிஞ்சு ஜம்பிங், அதாவது தடை தாண்டறது. ரிங்வுட் காக்கட்டூங்கற வெள்ளைக் குதிரை. மணி அடிச்சாச்சு, வட்டம் போடறப்ப லைனைத் தாண்டிட்டாங்க, அப்பவே நேரம் ஓட ஆரம்பிச்சதா கணக்கு, சுத்தி வந்து மறுபடி தாண்டினாங்க. தப்புதான், நான் எப்ப இல்லைன்னேன்? ஆனா ரெண்டாவது தடவை தாண்டினதும் மைதானத்துக் கடிகாரம் ஜீரோவுலேர்ந்து ஓட ஆரம்பிச்சுதே, அதுக்கு யார் பெனால்டி கட்டினது? நடுவர்கள் பெனால்டி பாயின்ட் போட்டாங்க, அப்பீல்ல அதை எடுத்தாங்க, தனிநபர் தங்கம் டீம் தங்கம் ரெண்டையும் கழுத்துல போட்டாங்க, மூணு நாள் கழிச்சு விளையாட்டு நடுவர் மன்றம் பிடுங்கிடுச்சு. அதுவும் என்ன சொல்லி? கடிகாரம் சரியா தப்பான்னு இல்ல, மைதான நடுவர் முடிவை மாத்த அப்பீல் கமிட்டிக்கு அதிகாரமே இல்லைன்னு. அவங்க ஒன்பதாவது, ஜெர்மனி நாலாவது, கூட ஓட்டினவங்க மெடலும் போச்சு.

எனக்கு ஏன் இவ்வளவு எரியுதுன்னா, ஒன்பதாங்கிளாஸ்ல 1500 மீட்டர் ஓடினேன். கடைசி ரவுண்டு மணியை வாத்தியார் ஒருத்தர் ஒரு ரவுண்டு முன்னாடியே அடிச்சுட்டார். உசுரைக் குடுத்து ஓடி முடிச்சுப் படுத்துட்டேன். "எந்திரிடா, இன்னும் ஒரு ரவுண்டு இருக்கு, நீதான எண்ணணும்"கறார். எண்ணணும்தான். அப்ப மணி எதுக்கு சார்?

பொண்ணு விஷயம். காசு பிடிக்கற ஆட்டம், அது உங்களுக்கே தெரியும், விடுங்க. ஆனா ஃபவாத் மிர்சா உங்க ஊர்ப் பையன்தான், பெட்டினாகிட்ட ஜெர்மனியில கத்துக்கிட்டவர். பெட்டினாவே போட்டியில ஓட்டின சென்யோர் மெடிகாட்ங்கற குதிரை மேல உக்காந்துதான் 2018 ஜகார்த்தாவுல வெள்ளி வாங்கினார், 1982க்கு அப்புறம் ஏஷியன் கேம்ஸ் குதிரையேற்றத்துல இந்தியாவுக்கு முதல் தனிநபர் மெடல். அதே குதிரையிலதான் டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்கும் போனார், 23வது. தங்கத்தைப் பிடுங்கிட்டாங்கன்னு பெட்டினா மூலையில உக்காந்திருந்தா இது நடந்திருக்குமா? அந்தம்மாவைப் போய் குத்தம் சொல்றீங்க.

பாப்பாவை நான் கேட்டதா சொல்லுங்க. ஸ்டார்ட் லைன் எங்க இருக்குன்னு முதல்ல காட்டச் சொல்லி அவ கோச்கிட்ட கேக்கச் சொல்லுங்க.