பயந்து ஏறாத விமானம்: டிக்கெட் பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: பாளையங்கோட்டையில் இருக்கிறேன். மகள் வீட்டுக்குப் போக திருவனந்தபுரம்–டெல்லி நான்கு டிக்கெட், ஜங்ஷனில் ஒரு டிராவல்ஸில் ரொக்கம் கொடுத்துப் போட்டேன். முந்தின ராத்திரி பேரன் பார்த்துவிட்டு, வரப்போவது போயிங் 737 மேக்ஸ் என்றான். அகமதாபாத் விபத்து கண்ணிலேயே நிற்கிறது. ஏஜெண்டுக்கு வாட்ஸ்அப்பில் சொல்லிவிட்டுப் பயணத்தை விட்டுவிட்டோம். 'டிக்கெட் போச்சு' என்கிறார் அவர். மன உளைச்சலுக்கு 10 லட்சம் கேட்டு விமானக் கம்பெனி மீது வழக்குப் போடலாமா?

பதில்: அண்ணாச்சி, விமானத்தின் பாதுகாப்பை வைத்து வழக்குப் போடாதீர்கள். அகமதாபாத்தில் 2025 ஜூனில் விழுந்தது 787 ரகம். 737 மேக்ஸ் வேறு. இந்தோனேசியாவிலும் எத்தியோப்பியாவிலும் இரண்டு விழுந்து 346 பேர் இறந்த பிறகு, 2019 மார்ச்சில் இங்கே தடை செய்யப்பட்டது அந்த ரகம். மென்பொருளைத் திருத்தி, விமானிகளுக்குத் தனிப் பயிற்சியும் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு 2021 ஆகஸ்டில் டிஜிசிஏ (மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) தடையை நீக்கியது. உங்கள் பயம் நியாயமானதுதான். ஆனால் அன்றைக்கு அந்த விமானம் பறக்க அனுமதி இருந்ததா என்றுதான் நுகர்வோர் ஆணையம் கேட்கும். இருந்தது. சேவைக் குறைபாடு என்ற வாதம் அங்கேயே நின்றுவிடும்.

உங்கள் கடிதத்தில் சட்டப்படி கனமுள்ளது அந்த வாட்ஸ்அப் செய்தி ஒன்றுதான். அதில் 'டிக்கெட்டை ரத்து செய்யுங்கள்' என்று இருக்கிறதா, 'நாங்கள் போகவில்லை' என்று மட்டும் இருக்கிறதா? விமானம் புறப்படும் முன் ரத்து செய்யச் சொல்லியிருந்தால், ரத்துக் கட்டணம் போக மீதி உங்களுடையது. இல்லையென்றால் கம்பெனி ஏட்டில் நீங்கள் 'நோ ஷோ', அதாவது சொல்லாமல் வராமல் போன பயணி. அப்போதும் முழுப் பணமும் போகாது. அரசு வரியையும் விமான நிலைய மேம்பாட்டுக் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும் என்பது டிஜிசிஏ விதி. சலுகை விலை டிக்கெட்டுக்கும் அதேதான். ஏஜெண்ட் சொன்னது தப்பு.

இனிமேல்தான் கவனம் வேண்டும். டிக்கெட் தாளை எடுத்து, பயணி தொடர்பு எண் என்ற இடத்தைப் பாருங்கள். பெரும்பாலும் அங்கே ஏஜெண்டின் செல்போன் எண்ணும் அவருடைய மெயிலும் இருக்கும். கம்பெனி அனுப்பும் தகவல் எல்லாம் அவருக்குத்தான் போகும். பணமும் அவர் கணக்குக்கே திரும்பியிருக்கும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. என்னிடம் வந்த சிலர் மனுவில் கம்பெனியை மட்டும் எதிர்த்தரப்பாகச் சேர்த்து, 'ஏஜெண்டுக்குக் கொடுத்துவிட்டோம்' என்ற ஒரு வரிப் பதிலில் சிக்கிக்கொண்டார்கள். இருவரையும் சேர்க்க வேண்டும். ரொக்கம் கொடுத்ததற்கு ரசீது இல்லையென்றால் இப்போதே கேட்டு வாங்குங்கள். சண்டை முற்றிய பிறகு தர மாட்டார்.

அடுத்தது, கம்பெனி 'அடுத்த பயணத்துக்கு வரவு வைக்கிறோம்' என்று சொல்லும். அதை ஏற்பதும் மறுப்பதும் உங்கள் விருப்பம் என்பதும் விதியில் உண்டு. முழுத் தீர்வாக ஏற்கிறேன் என்ற பெட்டியைத் தட்டிவிட்டு அப்புறம் என்னிடம் வந்தால் கஷ்டம்.

ரொம்பப் பேர் விழுவது காலக்கெடுவில். இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட வேண்டும். மெயில் மேல் மெயில் போட்டுக்கொண்டிருந்தால் காலம் நிற்கும் என்று நம்பிவிடுகிறார்கள். நிற்காது. 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்துகொண்டே இருக்கும், கெடு ஓடிவிடும். இன்னொன்று, 'பயந்துபோய் நாங்களாகத்தான் போகவில்லை' என்று கோபத்தில் விளக்கமாக எழுதி அனுப்பாதீர்கள். நாளைக்கு அதுவே உங்களுக்கு எதிரான சாட்சி. கம்பெனி பெயரைப் போட்டுப் பேரன் வீடியோ எதுவும் விட்டிருந்தால் இன்றே எடுக்கச் சொல்லுங்கள். பணம் கேட்டுப் போன இடத்தில் அவதூறு நோட்டீஸ் வாங்கி வர வேண்டாம்.

10 லட்சத்தை மறந்துவிடுங்கள். அப்படியே இங்கே ஏதாவது தொகைக்கு ஜெயித்தாலும் கம்பெனி மேல்முறையீடு போகும். மாநில நுகர்வோர் ஆணையத்தின் மதுரை அமர்வுக்கு நடக்கும் செலவு டிக்கெட் விலையைத் தாண்டிவிடும். வரி, கட்டணம் எவ்வளவு, யார் கணக்குக்குத் திரும்பியது என்ற இரண்டை மட்டும் கேட்டு, ஏஜெண்டுக்கும் கம்பெனிக்கும் ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு பக்க நோட்டீஸ் அனுப்புங்கள். ஏஜெண்ட் ஊர்க்காரர்தானே, ஒரு தொகை சொல்லி முடித்துக்கொள்ள வந்தால் முடித்துக்கொள்ளுங்கள். பணம் கைக்கு வரும்வரை அந்த வாட்ஸ்அப் செய்தி இருக்கிற போனை மாற்றாதீர்கள்.