முதலில் பாஸ்போர்ட்டைத் திரும்ப வாங்குங்கள், தம்பி

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என்னிடம் கடலூர்ப் பக்கத்து நெல்லிக்குப்பத்துத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். ஐ.டி.ஐ.யில் வெல்டர் முடித்துவிட்டு மூன்று வருடமாகக் கடலூர் சிப்காட்டில் ஒப்பந்த வேலை. புதுச்சேரியில் ஆபீஸ் போட்டிருக்கும் ஒரு ஏஜென்ட் சிங்கப்பூர் வேலைக்கு ஒரு லட்சத்து எண்பதாயிரம் பேசியிருக்கிறார். ஒரிஜினல் பாஸ்போர்ட்டைக் கொடுத்தாகிவிட்டது. வாட்ஸ்அப்பில் ஆஃபர் லெட்டர் வந்திருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் நாற்பதாயிரம் கட்டவேண்டுமாம். "சொந்தக்காரர் மூலமா வந்தவர்தான், நம்பலாமா அண்ணா?"

அந்த "சொந்தக்காரர் மூலமா" என்பதைப் படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. 2007-இல் எனக்கு வாய்த்தவரும் அப்படி வந்தவர்தான். என் அக்கா மாமனாருக்குத் தம்பி மகன். திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மோர் வாங்கிக் குடித்துவிட்டு, அம்மாவின் சங்கிலியை அடகு வைத்த எழுபதாயிரத்தை எண்ணி வாங்கிக்கொண்டு போனார். பதினோரு பேர் பெட்டியோடு சென்னை திரிசூலம் விமான நிலையத்தில் விடிய விடிய நின்றோம். டிக்கெட் கொண்டுவர வேண்டியவரின் போன் அணைந்து கிடந்தது. ஊருக்குத் திரும்பிய பிறகு நாலு மாதம் நான் பகலில் கடைத்தெருப் பக்கமே போகவில்லை.

பின்னால் தெரிந்தது, அந்த உறவுக்காரரும் தலைக்கு ஐயாயிரம் கமிஷனுக்கு வேலை பார்த்தவர்தான். அவருக்கு மேலே இருந்தவரை அவரே இரண்டு முறைதான் பார்த்திருக்கிறார். அதனால் ஆள் நல்லவரா, குடும்பம் எப்படி என்ற விசாரணையால் ஒரு பிரயோஜனமும் இல்லை. நல்ல மனிதர்கள் பொய்க் காகிதத்தை உண்மை என்று நம்பியே கொண்டுவந்து கொடுப்பார்கள். காகிதத்தைத்தான் விசாரிக்க வேண்டும், அதுவும் ஏஜென்ட்டுக்குத் தெரியாமல்.

உங்களிடம் இருப்பது வெறும் ஆஃபர் லெட்டர். அதை யார் வேண்டுமானாலும் அரை மணி நேரத்தில் அடிக்கலாம். சிங்கப்பூருக்கு வேலைக்கு வர உங்கள் கையில் இருக்க வேண்டியது ஐபிஏ (In-Principle Approval). இங்குள்ள மனிதவள அமைச்சு, முதலாளி விண்ணப்பித்த பிறகு கொடுக்கும் ஒப்புதல் கடிதம் அது. ஒர்க் பெர்மிட் என்றால் நமக்குப் புரியும் மொழியிலும் ஒரு பிரதி உண்டு. அதை நீங்கள் ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே முதலாளி அனுப்பியாக வேண்டும். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு என்று அதிலேயே இருக்கும். ஐபிஏவையும் போலியாக அடிக்கிறார்கள் என்பதால், அதிலுள்ள விவரங்களை வைத்து அமைச்சின் இணையதளத்தில் நீங்களே சரிபாருங்கள். ஏஜென்ட் அனுப்பும் லிங்க்கைத் தொடாதீர்கள். அவர் லிங்க்கைத் தட்டினால் அவருடைய தளம்தான் திறக்கும், அதில் எல்லாமே பச்சையாகத்தான் காட்டும்.

அடுத்தது பணம். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்க 1983-ஆம் வருடத்துக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவுச் சான்று வேண்டும். அந்தப் பதிவு உள்ள ஏஜென்ட் உங்களிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கு ஜிஎஸ்டியும், ஆக 35,400. அதுவும் ரசீதோடு. ஒரு லட்சத்து எண்பதுக்கு அவர் என்ன கணக்குச் சொல்கிறார்? "பாண்டு பணம்", "லெவி" என்று சொன்னால் சிரித்துவிடுங்கள். ஒர்க் பெர்மிட்டுக்கான 5,000 சிங்கப்பூர் டாலர் பிணைப் பொறுப்பும் (அதுதான் பாண்டு), வெளிநாட்டுத் தொழிலாளிக்காக மாதாமாதம் இங்குள்ள அரசுக்குக் கட்டும் லெவியும் முதலாளி தலையில்தான். தொழிலாளியிடம் அதை வாங்குவது இங்கே குற்றம். சிங்கப்பூரில் உரிமம் பெற்ற ஏஜென்சி உங்களிடம் வாங்கினாலும் ஒப்பந்தத்தின் ஒரு வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம், அவ்வளவுதான். ஆனால் ஊரில் வைத்துக் கை மாறும் பணத்தை இங்குள்ள சட்டம் எட்டிப் பிடிப்பதில்லை. அதனால்தான் எல்லாப் பேரமும் ஊரிலேயே முடிகிறது.

ஏஜென்ட்டின் பதிவை வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். இதில் ஒரு சூது உண்டு: பெயர் இருந்தாலும் போதாது. உண்மையான ஏஜென்சியின் பதிவு எண்ணைத் தன் விசிட்டிங் கார்டில் அச்சடித்துக்கொண்டு அலைபவர்கள் இருக்கிறார்கள். கார்டில் இருக்கும் நம்பரை விட்டுவிட்டு, தளத்தில் இருக்கும் நம்பருக்கே போன் போட்டு, "புதுச்சேரியில் உங்களுக்கு ஆபீஸ் இருக்கிறதா, இன்னார் உங்கள் ஆளா?" என்று கேளுங்கள். இரண்டு நிமிட வேலை.

பத்தாவது தேறாததால் உங்கள் பாஸ்போர்ட் ஈசிஆர் (Emigration Check Required) வகையாக இருந்தால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். வளைகுடா நாடுகள், மலேசியா போன்றவற்றுக்கு வேலைக்குப் போவதானால் குடிபெயர்வு அனுமதி வாங்கியாக வேண்டும். அங்கே காகிதம் ஒரு தடவையாவது அரசாங்கத்தின் கண்ணில் படும். சிங்கப்பூர் அந்தப் பட்டியலில் இல்லை. உங்களுக்கு நீங்கள்தான் சல்லடை.

கடைசி வரியில் சும்மா போகிற போக்கில் ஒன்று கேட்டிருக்கிறீர்கள்: பி.காம். முடித்த மச்சானுக்கு அதே ஏஜென்ட் தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி, மாதம் எழுபதாயிரம், டிக்கெட்டும் அவர்களே போடுகிறார்கள் என்கிறாராம். வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது யோசனையே கிடையாது. பாங்காக்கில் இறக்கி, எல்லை தாண்டி மியான்மரின் மியாவடிக்குக் கொண்டுபோய், காவல் போட்ட வளாகத்தில் உட்காரவைத்து ஆன்லைன் மோசடி செய்யச் சொன்ன கதை ஒன்றிரண்டு இல்லை. 2025 மார்ச்சில் அப்படி மீட்கப்பட்ட ஐந்நூறுக்கும் மேற்பட்ட இந்தியர்களை விமானப்படை விமானங்களில் ஏற்றி வந்தார்கள். நம்மிடம் பணமே கேட்காமல் டிக்கெட் போட்டுக் கூப்பிடுகிறார்கள் என்றால், சரக்கு நாம்தான்.

நம் ஊருக்கே உரிய தலைவலி இன்னொன்று. கடலூர்–புதுச்சேரி எல்லையில் ஆல்பேட்டை சோதனைச்சாவடியைத் தாண்டினால் வேறு அரசாங்கம், வேறு போலீஸ். (தாண்டுகிறவர்களில் பாதிப் பேர் எதற்குத் தாண்டுகிறார்கள் என்பது ஊருக்கே தெரியும்.) அன்று நான் பணம் கொடுத்தது என் வீட்டில், அவர்கள் ஆபீஸ் இருந்தது புதுச்சேரியில். இந்தப் பக்கம் போனால் அங்கே போ என்றார்கள், அங்கே போனால் இங்கே வா என்றார்கள். இப்போது குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகாரைப் பதிய வேண்டும் என்று 2024 ஜூலையில் வந்த புதுச் சட்டத்திலேயே இருக்கிறது. "எல்லை வேற" என்றால் நகராதீர்கள். ஜிபேயில் பணம் போட்டு ஏமாந்தால் யாரையும் கேட்டுக்கொண்டிருக்காமல் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் அடியுங்கள்.

நான் கடைசியில் 2009-இல் சென்னையில் தொழில் திறன் டெஸ்ட் அடித்து, தேறி சிங்கப்பூர் வந்தேன். இன்றைக்கு இங்கே துவாஸ் தொழிற்பேட்டையில் எனக்குக் கீழே இருபது வெல்டர்கள். வெல்டருக்கு இங்கே வேலை இருக்கிறது தம்பி, நீங்கள் அவசரப்பட ஒன்றுமில்லை. வெள்ளிக்கிழமை என்ற கெடு அவர் வைத்தது. சென்னையில் தமிழக அரசே நடத்தும் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இருக்கிறது. அங்கேயும் பெயரைப் பதிந்து வையுங்கள்.

நாளைக்கே ஆபீஸுக்குப் போங்கள். சண்டை வேண்டாம், சந்தேகத்தையும் காட்ட வேண்டாம். "பாஸ்போர்ட்டில் மனைவி பெயர் சேர்க்கணும், அப்பாயின்ட்மென்ட் கிடைச்சிருக்கு, முடிச்சிட்டுத் திரும்பக் கொண்டுவந்து தர்றேன்" என்று கேளுங்கள். வேலையை உண்மையிலேயே வைத்திருப்பவருக்கு இதில் நஷ்டமில்லை, ஜெராக்ஸே போதும். நாற்பதாயிரம் கட்டினால்தான் தருவேன் என்றால், பாஸ்போர்ட் அரசாங்கச் சொத்து, அதைப் பிடித்துவைக்க அவருக்கு உரிமையில்லை. நேராகக் காவல் நிலையம் போங்கள். தனியாகப் போகாமல் மச்சானையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவரும் நேரில் பார்க்கட்டும்.