ஆன் ஃபிராங்க் எழுத்தாளரானது எப்போது? சில கேள்விகள், பதில்கள்

இரண்டாம் உலகப் போரில் நாஜிகளுக்குப் பயந்து ஒளிந்திருந்த யூதச் சிறுமி ஆன் ஃபிராங்கின் டைரி ஒன்றல்ல, அதற்கு மூன்று வடிவங்கள் உண்டு. மூன்றையும் பக்கத்தில் பக்கம் வைத்துப் படிப்பது எனக்குப் பல வருஷப் பைத்தியம். இதைச் சொன்னதும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

அக்கா, 13 வயசுப் பெண் இவ்வளவு நன்றாக எழுத முடியுமா? யாரோ பெரியவர்கள் திருத்தியிருப்பார்கள் என்று என் தம்பி அடித்துச் சொல்கிறான்.

திருத்தியது உண்மைதான், ஆனால் திருத்தியவள் அவளேதான். 1942 ஜூன் 12-ல் பிறந்தநாளுக்குக் கிடைத்த நோட்டில் (சிவப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்டது, உண்மையில் ஆட்டோகிராப் வாங்குகிற நோட்டு) அவள் எழுத ஆரம்பித்தாள். அடுத்த மாதமே குடும்பத்தோடு ஆம்ஸ்டர்டாமில் அப்பாவின் அலுவலகத்துக்குப் பின்கட்டில் ஒளிந்துகொள்ள வேண்டியதாயிற்று. 1944 மார்ச் 28 அன்று லண்டனிலிருந்து வந்த டச்சு வானொலியில் போல்கஸ்டைன் என்ற அமைச்சர், போர்க்காலக் கடிதங்களையும் டைரிகளையும் பத்திரப்படுத்துங்கள், போர் முடிந்ததும் சேகரிப்போம் என்று பேசினார். அதைக் கேட்டபின் மே 20-ல் உட்கார்ந்து, டைரியை முதலிலிருந்து திரும்ப எழுத ஆரம்பித்தாள். பத்து வாரத்துக்கும் கொஞ்சம் கூட, 215 தனித்தாள்கள். 'பின்வீடு' என்று பொருள்படும் தலைப்பு, வீட்டில் இருந்தவர்களுக்குப் புனைபெயர்கள், எல்லாம் தயார்.

காகிதத்துக்கு மனிதர்களைவிடப் பொறுமை அதிகம் என்று வருமே, எல்லோரும் மேற்கோள் காட்டுகிற பகுதி, அதற்கு மேலே 1942 ஜூன் 20 என்று தேதி இருக்கும். ஆனால் அந்த வடிவத்தை அவள் எழுதியது 1944-ல். பதிமூன்று வயதின் குரலில் நாம் வியப்பது, பதினைந்தை எட்டிக்கொண்டிருந்தவளின் கைவேலை. தம்பியிடம் இதைச் சொல்லுங்கள். போலி என்று கிளப்பிவிட்டவர்களுக்காக நெதர்லாந்தின் போர் ஆவண நிறுவனம் கையெழுத்து, தாள், மை எல்லாவற்றையும் சோதித்து 1986-ல் மூன்று வடிவங்களையும் சேர்த்தே வெளியிட்டது. அப்பா ஓட்டோ ஃபிராங்க் 1947 பதிப்புக்காகச் சில பகுதிகளை நீக்கினார், இரண்டு வடிவங்களையும் கலந்து கோத்தார். அதுதான் மூன்றாவது வடிவம்.

டைரியைக் கிட்டி என்பவளுக்குக் கடிதம் மாதிரி எழுதுகிறாளே, அந்தக் கிட்டி யார்? நிஜத் தோழியா?

சிஸ்ஸி ஃபான் மார்க்ஸ்ஃபெல்ட் என்ற டச்சு எழுத்தாளரின் பெண்பிள்ளைக் கதைத் தொடர் ஒன்றில் தோழிகள் கூட்டம் வரும். முதல் வடிவத்தில் அந்தக் கூட்டத்தில் ஆளுக்கொரு கடிதமாக ஆன் எழுதியிருப்பாள், கிட்டி அதில் ஒருத்தி மட்டுமே. திருத்தும்போது மற்றவர்கள் போய்விடுகிறார்கள், எல்லாக் கடிதமும் கிட்டிக்கே. சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் எனக்கு இதுதான் பெரிய தாவல். கிட்டிக்கு அந்த வீட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது, அதனால் மாடிப்படி எங்கே, யார் யாரோடு ஒரே அறை, காலையில் யார் முதலில் குளிக்கிறார்கள் என்று எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும். தனக்குத்தானே எழுதுகிறவள் இதையெல்லாம் எழுத மாட்டாள்.

பழைய டைரியை எடுத்துப் படித்தால் கூச்சமாக இருக்கிறது. பாதி அம்மாவைப் பற்றிய புலம்பல். கிழித்துவிடலாமா என்று தோன்றுகிறது. ஆனுக்கு இப்படி இருந்ததா?

அப்படியே இருந்தது. 1944 ஜனவரி 2 அன்று, வேறு வேலை இல்லாமல் பழைய பக்கங்களைப் புரட்டுகிறாள். அம்மாவைப் பற்றி இவ்வளவு கோபமாகவா எழுதினோம் என்று அதிர்ந்துபோய், அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்று அதையே ஒரு பக்கமாக எழுதுகிறாள். அதே மாதம் 22-ல், 1942 நவம்பர் பதிவு ஒன்றுக்குக் கீழே ஒரு குறிப்புச் சேர்க்கிறாள்: இப்படியெல்லாம் இனிமேல் என்னால் எழுத முடியாது, அப்போது எவ்வளவு வெகுளியாக இருந்திருக்கிறேன் என்கிற மாதிரி. பழையதை அழிக்கவில்லை பாருங்கள், பக்கத்தில் இன்னொரு குரலை வைத்தாள். வானொலிப் பேச்சுக்கு இரண்டு மாதம் முன்பே இது நடந்துவிட்டது. அமைச்சர் சொன்னதால் எழுத்தாளரானாள் என்று சொல்கிறவர்களோடு நான் சண்டைக்குப் போவது இதனால்தான்.

கிழிக்காதீர்கள். கீழே தேதி போட்டு நாலு வரி எழுதுங்கள், போதும்.

எங்கள் வீட்டில் ஏழு பேர், எழுத ஒரு மூலை கிடையாது. அவளுக்குத் தனி அறை இருந்ததா?

தனி அறையா! எட்டுப் பேர் ஒளிந்திருந்த இடம் அது. 1942 நவம்பரில் ஃப்ரிட்ஸ் ஃபெஃபர் என்ற பல் மருத்துவர் வந்து சேர்ந்ததும், பதிமூன்று வயசுப் பெண்ணின் சின்ன அறையில் ஐம்பது தாண்டிய மனிதர் பங்காளி. இருந்தது ஒரே ஒரு சின்ன மேசை. தினமும் மத்தியானம் அவர் தூங்குகிற ஒன்றரை மணி நேரம் இவளுக்கு, மீதி நேரம் அவருக்கு. 1943 ஜூலையில் ரொம்ப மரியாதையாகக் கேட்டுப் பார்க்கிறாள், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் நாலிலிருந்து ஐந்தரை வரை தர முடியுமா என்று. முடியாது என்றுவிட்டார். உன் புராணக் கதைப் படிப்பெல்லாம் ஒரு வேலையா என்கிற தோரணை வேறு. அப்பாவிடம் போய், அப்பா பேசி, கடைசியில் வாரம் இரண்டு நாள் ஐந்து மணி வரை கிடைத்தது. மனிதர் இரண்டு நாள் பேசவில்லை, ஐந்திலிருந்து ஐந்தரை வரை வீம்புக்கு வந்து மேசையைப் பிடித்துக்கொண்டாராம்.

அவர் பக்கமும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மகனையும் மனதுக்குப் பிடித்த பெண்ணையும் பிரிந்து வந்தவர், ஒரு சிறுமியோடு அறையைப் பங்கிட நேர்ந்தது அவருக்கும் கொடுமைதான். அவருக்கு அவள் வைத்த புனைபெயர் 'டுஸல்', ஜெர்மனில் கிட்டத்தட்ட மண்டு. எழுதுகிறவளோடு மேசைக்குச் சண்டை போட்டால் இப்படித்தான், எண்பது வருஷம் கழித்தும் ஊரே சிரிக்கிறது.

டைரி மட்டும்தான் எழுதினாளா?

இல்லை, தனி நோட்டில் சின்னக் கதைகள், கட்டுரைகள், ஒரு நாவலின் தொடக்கம்கூட உண்டு. படித்ததில் பிடித்த வரிகளை எழுதிவைக்கவும் ஒரு நோட்டு. ஒரு கதையைப் புனைபெயரில் பத்திரிகைக்கு அனுப்பலாமா என்றுகூட யோசித்தாள். எனக்குப் பிடித்தது பேனாவுக்கு எழுதிய இரங்கல். ஒன்பது வயதில் பாட்டி அனுப்பிய தங்க நிப் பேனா, பீன்ஸ் குப்பையோடு தவறி அடுப்பில் போய்விட்டது. மறுநாள் சாம்பலில் நிப்கூடக் கிடைக்கவில்லை. ஒரே ஆறுதல், என் பேனா தகனம் ஆகிவிட்டது, எனக்கும் அதுதான் விருப்பம் என்று முடிக்கிறாள். எழுதும்போது வயது 14.

தாய்மொழியிலா எழுதினாள்?

ஜெர்மனியில் பிறந்தவள், ஐந்து வயதுகூட ஆகாதபோது ஆம்ஸ்டர்டாம் வந்தாள். எழுதியது டச்சு மொழியில், பள்ளியில் படித்த மொழி.

காகிதம் ஒட்டி மறைத்த பக்கங்களைக்கூடப் படித்துவிட்டார்களாமே, அது நியாயமா?

2018-ல் அது நடந்தது. பழுப்புக் காகிதத்துக்கு அடியில் இருந்தது சில ஆபாச ஜோக்குகளும், ஒரு பெண்ணுக்கு உடல் விஷயங்களை எப்படி எடுத்துச் சொல்வது என்று அவள் எழுதிப்பார்த்த ஒரு பகுதியும். நியாயமா என்றால், எனக்கு இன்னும் உறுத்துகிறது, ஆனால் நானும் படித்தேன். திருத்தும்போது, கூடவே ஒளிந்திருந்த பையன் பீட்டர் மேலிருந்த காதலைப் பெரும்பாலும் விட்டுவிட்டவள் அவள். எதைக் காட்டுவது, எதைக் காட்டாமலிருப்பது என்று முடிவெடுக்கத் தெரிந்தவள் ஒட்டிய காகிதம் அது.

திருத்தி முடித்தாளா?

இல்லை. 1944 ஆகஸ்ட் 4-ல் ஒளிந்திருந்தவர்களை நாஜி போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது. தரையில் கிடந்த தாள்களை, அவர்களுக்கு உதவிவந்த அலுவலக ஊழியர்கள் மீப் கீஸும் பெப் வோஸ்கெய்லும் பொறுக்கி எடுத்தார்கள், மீப் அவற்றைப் படிக்காமலே மேசை டிராயரில் வைத்திருந்தார். அடுத்த ஆண்டு தொடக்கத்தில் ஆன் பெர்கன்-பெல்சன் முகாமில் இறந்தாள். திருத்திய தாள்கள் 1944 மார்ச் 29 பதிவோடு நின்றுவிடுகின்றன. முந்தின நாள் வானொலியில் அமைச்சர் டைரிகளைப் பற்றிப் பேசியதைக் கிட்டிக்குச் சொல்கிற பதிவு அது.