இந்தக் குளிர்காலத்தில் லண்டனில் பனி கொட்டுமா?

மூன்று மாத முன்னறிவிப்பை நம்பி, குழந்தைக்குப் பனி காட்ட லண்டனுக்கு டிக்கெட் போடலாமா என்று கேட்கிறீர்கள். அதை மட்டும் நம்பிப் போடாதீர்கள். சராசரியைவிடக் குளிர் கூடுமா குறையுமா என்ற வாய்ப்பைத்தான் அது சொல்லும், எந்த நாளில் பனி விழும் என்று சொல்லாது. அங்கே பெரும்பாலும் அட்லாண்டிக்கைத் தாண்டி ஈரமான மேற்குக் காற்றுதான் வீசும், அதனால் மழை, மிஞ்சினால் கோட்டுக் கையில் விழுந்த நொடியே கரைந்துவிடும் ஈரப்பனி. காற்று கிழக்கிலிருந்து வீசினால்தான் கதை மாறும். 2018 பிப்ரவரியில் வடதுருவத்துக்கு மேலே அடுக்குமண்டலம் என்ற மிக உயரமான காற்றடுக்கு திடீரென்று சூடாகி, அங்கே துருவத்தைச் சுற்றி வீசும் குளிர்காற்று வளையமான துருவச் சுழல் உடைந்து, இரண்டு வாரம் கழித்து சைபீரியக் குளிர் வந்து ஊரே வெள்ளையானது. டிசம்பரைவிட ஜனவரி, பிப்ரவரியில் வாய்ப்பு அதிகம். அப்புறம், முடிந்தால் ஸ்காட்லாந்தின் கெய்ர்ன்கார்ம் மலைப்பக்கம் போங்கள், குழந்தை ஏமாறாது.